டால்பின்களிடம் மன்னிப்புக் கேட்க மறுப்பது பற்றி

சாந்தா பெர்பெத்துவா கிராமம்,
உக்காயாலி ஆற்றங்கரை.

இக்கிதோஸ் நகரத்தில் உல்லாசப் படகு நிறுவனத்தின் மேலாளராக விளங்கும் மதிப்பிற்குரிய திரு. வில்பிரேதோ அவர்களுக்கு, இவ்வூர்த் தலைவியும் வாலிபால் அணித் தலைவியும் தங்களை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காளுமாகிய எர்மெலிந்தா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், மாமா, கோழிகள் எல்லோரும் நலம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

தாங்கள் முத்திரை குத்தி அனுப்பிய கடிதம் கிடைத்தது. நாங்கள் டால்பின்களைத் துன்புறுத்தினோமாம், இணைத்திருக்கும் மன்னிப்புத் தாளில் அணிப் பெண்கள் ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம், இல்லையேல் படகு இனி சான் ஹசிந்தோ ஊருக்குப் போய்விடுமாம். படகு வந்தால்தான் எங்கள் நார்ப் பைகள் விற்கும் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால்தான் மிரட்டுகிறீர்கள். போட மாட்டோம்.

நடந்ததைக் கேளுங்கள். காலை பத்து மணிக்கு வர வேண்டிய படகு மாலை நாலு மணிக்கு வந்தது. பகல் முழுக்க டால்பின் தேடினார்களாம், ஒரு வால்கூடத் தென்படவில்லையாம், பயணிகள் எல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார்கள். அந்த நேரம் பார்த்து எங்களுக்கு அதே சான் ஹசிந்தோவோடு கடைசி செட், பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. உங்கள் வழிகாட்டி தாதேயோ ஓடி வந்து, ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பயணிகளுக்காக ஓலைப் பாவாடை கட்டி நடனம் ஆட வாருங்கள் என்றான். இரண்டே பாயிண்ட், பொறு என்றேன். எங்கள் அணி ஒதிலியா ஓங்கி ஒரு அடி அடித்தாள், ஒரு பாயிண்ட் வந்தது, ஆனால் பந்து கரையைத் தாண்டி ஆற்றில் விழுந்தது. ஊரில் இருப்பது அந்த ஒரே பந்து. எங்கிருந்துதான் வந்தனவோ, இரண்டு இளஞ்சிவப்பு டால்பின்கள் எழும்பி அதை மூக்கால் தள்ளிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போக ஆரம்பித்தன. பயணிகளுக்கோ ஆனந்தக் கண்ணீர், படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். நானும் ஒதிலியாவும் எங்கள் தோணியைத் தள்ளிக்கொண்டு போய்த் துடுப்பால் தண்ணீரில் படபடவென்று அடித்தோம். தண்ணீரில்தான் அடித்தோம் தம்பி, ஒரு அடிகூட அதுகள்மேல் படவில்லை. அதுகள் போய்விட்டன, பந்து கிடைத்தது, பல் பதிந்திருந்தது.

கரை ஏறினால் ஒரு பெண்மணி அழுதுகொண்டு நிற்கிறாள். தாதேயோ மொழிபெயர்த்தான்: "பாவம், அதுங்க விளையாடிக்கிட்டு இருந்துச்சுங்களாம்."

"நாங்க மட்டும் என்னப்பா பண்ணிக்கிட்டு இருந்தோம்? அதையும் அந்தம்மாகிட்டச் சொல்லு" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான்.

டால்பினைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயாடா? தொப்பி போட்டுக்கொண்டு ஆம்பிளை வேஷத்தில் திருவிழாவுக்கு வந்து பெண்களை மயக்குகிற ஜென்மம் அது. நம் சின்னம்மா மகளின் வயிற்றுப் பிள்ளைக்கு அப்பன் யார் என்று கேட்டால், இன்றைக்கும் ஆற்றைத்தானே கை காட்டுகிறாள்? பெண்ணைப் பெற்ற எவளும் அதை விரட்டத்தான் செய்வாள். அடுத்த பாயிண்டையும் எடுத்து ஜெயித்தோம். அந்தச் சந்தோஷத்தில் பனியன் மேலேயே ஓலைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, பத்து நிமிஷ நடனத்தை அரை மணி நேரம் ஆடினோம். அதையும் பயணிகள் புகாரில் எழுதியிருக்கிறார்களாம், பாவாடைக்கு மேலே ஏழாம் நம்பர் தெரிந்ததாம். தெரியட்டுமே, அது என் நம்பர். தோற்றுப்போனவளுகளுக்குப் படகைப் பரிசாகக் கொடுப்பீர்களா? கொடுத்துக்கொள்ளுங்கள். பையை முதுகில் சுமந்து சந்தையில் விற்போமே தவிர, கையெழுத்து மட்டும் கிடையாது.

நீயும் உன் பிள்ளைகளும் வெள்ளத்திலும் காய்ச்சலிலும் அகப்படாமல் இருக்க மாதாவிடம் தினமும் சொல்கிறேன். குளிரில் வெறும் காலோடு நடக்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா
எர்மெலிந்தா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் பெண்டாட்டி வந்து இறங்கினாள். கையெழுத்து வராவிட்டால் படகு மட்டுமல்ல, உன் வேலையும் போய்விடுமாமே? அத்தனை பெரிய முத்திரை குத்தத் தெரிந்தவனுக்கு, அக்காவுக்கு அதை ஒரு வரி எழுதத் தெரியவில்லை. ஆறு பேரும் போட்டுவிட்டோம், தாள் உள்ளே இருக்கிறது, கொண்டுபோய்க் கொடு. "இனி இவ்வாறு நடக்காது" என்று ஒரு வரி இருந்தது, அதை மட்டும் அடித்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம் இருக்கிறது.