தெர்மோஸ்டாட்டும் பத்தரை மணி இன்டர்வியூவும்

“என்னங்க, ஊசி சிவப்பைத் தொட்டுடுச்சு.”

“பார்த்துக்கிட்டுதாம்மா இருக்கேன்” என்று கணவர் காரை ஓரங்கட்டினார்.

மணி ஒன்பது இருபது. பத்தரைக்குத் தலைமை அலுவலகத்தில் அவளுக்கு இன்டர்வியூ. காப்பீட்டுக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் மற்றவர்கள் போட்ட கையெழுத்துக்குக் கீழே முத்திரை குத்திக்கொண்டிருந்தவளுக்கு, கிளை மேலாளராக முதல் வாய்ப்பு. கிடைத்தால் வேறு ஊர். வாரக் கடைசியில்தான் வீடு.

அதற்கும் கணவர் முகம் சுளிக்கவில்லை. “ஜெயிச்சுட்டு வா. சமையல் என்ன பெரிய வித்தையா, பழகிக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் போகிறேன் என்றவளிடம், “இன்னிக்குப் போய்க் கசங்கி இறங்குவியா? நான் எதுக்கு இருக்கேன்?” என்று விடிந்ததுமே காரைத் துடைத்து வாசலில் நிறுத்தினார். ஊருக்குள் நெரிசலாக இருக்கும் என்று புறவழிச் சாலையில் வந்ததும் அவர் யோசனைதான். இப்போது கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு பெட்டிக்கடை கூட இல்லை.

“போன வாரம்தானே மெக்கானிக்கிட்ட விட்டோம்?”

“விட்டோம். நல்லா நாமம் போட்டிருக்கான்.” பானெட்டைத் தூக்கினார். “இந்த ரேடியேட்டரைத் தொட்டுப் பாரு.”

தொட்டாள். பக்கத்தில் இன்ஜின் அடுப்பாகக் கொதிக்க, ரேடியேட்டர் மண்பானை மாதிரி இருந்தது. “சில்லுன்னு இருக்கே!”

“அதான் விஷயம். நடுவுல தெர்மோஸ்டாட்னு ஒரு சின்னக் கதவு இருக்கு. இன்ஜின் சூடானா அது திறந்து, தண்ணியை ரேடியேட்டருக்கு அனுப்பணும். இது திறக்கவே மாட்டேங்குது. கொதிக்கிற தண்ணி உள்ளேயே சுத்துது.”

அவள் அசந்துபோனாள். வைப்பர் போட நினைத்து ஹாரன் அடிக்கிற மனுஷன்! தனக்காக எங்கோ உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று நினைத்தபோது, காலையில் கிளம்பும் பதற்றத்தில் அவரிடம் எரிந்து விழுந்தது உறுத்தியது.

இருந்தாலும் போனில் டாக்ஸிக்குச் சொன்னாள். பதினைந்து நிமிஷத்தில் வருமாம்.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் இன்ஜின் ஆறியது. கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. “ஏறு, ஏறு!” என்றவர், அவள் கையிலிருந்த போனை வாங்கி டாக்ஸியை ரத்து செய்தார். “பாவம், அவனை ஏன் வெட்டியா அலைய விடணும்?”

மூன்று கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஊசி மறுபடியும் சிவப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. இந்த முறை டாக்ஸி எதுவும் பக்கத்தில் இல்லை என்று போன் கைவிரித்தது.

அவள் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. போனில் தேடிப் படித்தாள்.

“ஹீட்டரை முழுசா வச்சா, இன்ஜின் சூட்டை உள்ளே இழுத்துக்குமாம். மெதுவா ஓட்டிக்கிட்டே போயிடலாமாம்.”

“இந்த வெயில்ல ஹீட்டரா? அவிஞ்சு போயிடுவே.”

“அவிஞ்சாலும் பரவாயில்லை, போடுங்க.”

இன்ஜின் கொஞ்சம் ஆறக் காத்திருந்து போட்டார்கள். நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டும், வெளியே அனல், உள்ளே அதைவிட அனல். முகத்தில் பூசியதெல்லாம் கழுத்துக்கு இறங்கியது. சான்றிதழ் ஃபைலால் விசிறிக்கொண்டே அவள் ஊசியைப் பார்த்தாள்.

“இறங்குதுங்க! இறங்குது!”

பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தில் அவள் வெந்ததில்லை.

கணவர் ஓரக்கண்ணால் பார்த்தார். “ஐயோ, முகமெல்லாம் வழியுதே. இப்படியேவா போய் அவங்க முன்னாடி உட்காருவே?” என்று ஹீட்டரை அணைத்தார்.

“ஏங்க, போடுங்க!”

“ரெண்டே நிமிஷம். கொஞ்சம் காத்து வாங்கிக்கோ.”

அந்த ரெண்டு நிமிஷம் ஊசிக்குப் போதுமாக இருந்தது. பானெட் இடுக்கில் ஆவி எழும்ப, கார் நின்றது.

அவர் துண்டோடு இறங்கினார்.

“கூலன்ட் மூடியைத் தொடாதீங்க! சூடா இருக்கும்போது திறக்கவே கூடாதுன்னு போட்டிருக்...”

திறந்துவிட்டார். பச்சைத் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத அவள் உடையில் பாதி பச்சையானது. அவர் உள்ளங்கை சிவந்துவிட்டது. உடையை மறந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை முழுவதும் அவர் கையில் ஊற்றினாள். இனி காருக்கும் தண்ணீர் இல்லை, அவளுக்கும் இல்லை.

தூரத்தில் ஒரு பஸ் தெரிந்தது. பாய்ந்து போய்க் கையைக் காட்டினாள். நின்றே விட்டது!

“பத்தரைக்குள்ள போய்ச் சேருமா?” என்றாள் ஓட்டுநரிடம்.

“ஏறுங்கம்மா, சரியா இருக்கும்.”

“நீ போம்மா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கணவர் கையைப் பிடித்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். “என்னைப் பத்திக் கவலைப்படாதே. லேசா தலை சுத்துது, அவ்வளவுதான்.”

ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக அவள் நின்றாள்.

“வர்றீங்களா, இல்லையா?” என்றார் ஓட்டுநர்.

அவள் காலைத் தரையில் வைத்தாள். பஸ் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது.

பதினொன்றே காலுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. “சாரி மேடம், கமிட்டி எழுந்துட்டாங்க. அடுத்த தடவை அப்ளை பண்ணுங்க.” அடுத்த தடவை நாலு வருஷம் கழித்து. அப்போது அவள் வயது வரம்பைத் தாண்டியிருப்பாள்.

காரில் சாய்ந்து அழுதாள். கணவர் நல்ல கையால் அவள் தலையைத் தடவினார். “விடும்மா. எனக்கு நீ எப்பவுமே மேலாளர்தான்.” அவருக்குத் தலைசுற்றல் நின்றிருந்தது.

இந்த மனுஷனையா காலையில் கடிந்துகொண்டோம் என்று இன்னும் கொஞ்சம் அழுதாள். அழுகை தீர்ந்ததும் கோபம் வந்தது. யார்மேலாவது அதை இறக்கியே ஆக வேண்டும். மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

“உடனே வாங்க. நீங்க வேலை செஞ்ச லட்சணத்தை வந்து உங்க கண்ணாலேயே பாருங்க!”

“அவன்கிட்ட எதுக்கும்மா இப்போ?” என்று கணவர் பதறினார். “கட்டி இழுத்துட்டுப் போற வண்டியைக் கூப்பிட்டா முடிஞ்சது.”

“உங்க நல்ல மனசுதாங்க ஊரையே ஏமாத்த விடுது. நீங்க பேசாம இருங்க.”

மெக்கானிக்கின் பைக் தூரத்தில் தெரிந்ததும், தண்ணீர் கிடைக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று கணவர் எதிர்ப்பக்கம் நடந்தார். சுட்ட கையை வீசிக்கொண்டு, வழக்கத்தைவிட வேகமாக.

பைக்கை நிறுத்தக்கூட விடாமல் அவள் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு வருஷம் எந்த மேலாளரையும் கேட்காத கேள்வியெல்லாம் அவனைக் கேட்டாள். “உங்களால என் வாழ்க்கையே போச்சு” என்பதில் கொண்டுவந்து முடித்தாள்.

மெக்கானிக் பைக்கை நிறுத்திவிட்டுப் பானெட் பக்கம் வந்தான். உள்ளே குனிந்து பார்த்தான். நிமிர்ந்து, சாலைக் கோடியில் புள்ளியாகிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

“அக்கா, போன வாரமே நான் புது தெர்மோஸ்டாட் மாட்டிக் கொடுத்துட்டேன், நேத்து சார்தான் வந்து, அதைக் கழட்டிட்டுப் பழசையே மாட்டு, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும்னு சொன்னாரு.”