வைத்திலிங்கம் ஐயாவுக்கு நான் அடித்த பேனர்

என் கண்ணைப் பார்த்து என் மனசைத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தவர்கள் யாரும் இதுவரை ஜெயித்ததில்லை. காலையில் எழுந்தால் இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு மூக்கை உறிஞ்சி வாசனை பார்ப்பார், பிறகு வேறு சீட்டுக்குப் போய்விடுவார். (பீர் பாட்டிலை நான் கையால் தொட்டதில்லை. தொட்டிருந்தாலாவது இதில் ஒரு நியாயம் இருந்திருக்கும்.)

எனக்கு இருப்பது கண் வறட்சி. வெயில் காலத்தில் வந்துபோகிற வறட்சி இல்லை, வருஷக்கணக்காக என்னோடு குடித்தனம் நடத்துகிற வறட்சி. இமைக்கும்போதெல்லாம் உள்ளே மணலைப் போட்டுத் தேய்க்கிற மாதிரி இருக்கும். சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டாலும் சொட்டு மருந்து இருக்கும். ராத்திரி படுக்கும்போது ஒரு களிம்பு. கடலூர் மே மாதத்திலும் எங்கள் வீட்டில் ஃபேன் போடுவதற்குப் பெரிய பேச்சுவார்த்தை நடக்கும். காற்றுப் பட்டால் என் கண் எரியும், படாவிட்டால் என் மனைவி மல்லிகா எரிவாள்.

செய்கிற வேலையோ நாளெல்லாம் கம்ப்யூட்டரை முறைத்துப் பார்க்கிற வேலை. திருப்பாதிரிப்புலியூரில் ஜாபர் பாயின் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் திரையைத் தாண்டித்தான் தெருவுக்குப் போகும். புதுச்சேரி டாக்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, “வேற வேலை எதாவது பாக்க முடியுமா?” என்று கேட்டார். எனக்கு வேறு வேலை தெரியாது. அதனால் பாயிடம் கண் விஷயத்தை மூச்சு விடவில்லை. கண் சரியில்லாத டிசைனரை எந்தக் கடையில் வைத்துக்கொள்வார்கள்? சொட்டு மருந்தைக்கூட பாத்ரூமுக்குப் போய்த்தான் விட்டுக்கொள்வேன். நான் அடிக்கடி பாத்ரூம் போவதைப் பார்த்த பாய், எனக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவு கட்டி, என் டீயில் மட்டும் சர்க்கரை போட வேண்டாமென்று டீக்கடையில் சொல்லிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு குடித்தேன்.

அன்றைக்கு மருந்து தீர்ந்துவிட்டது. (தீரப்போகிறது என்று முந்தின நாளே தெரியும். வாங்கலாம், வாங்கலாம் என்று இருந்தேன்.) ஏசிக் காற்று நேராக முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குள் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. பையில் ராத்திரிக் களிம்பு கிடந்தது. படுக்கும்போது மட்டும்தான் போட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்ன களிம்பு. போட்டுக்கொண்டேன். எரிச்சல் நின்றது. பார்வையும் நின்றது. பஜ்ஜி மடித்துக் கொடுக்கிற எண்ணெய்க் காகிதத்தின் வழியாகப் பார்க்கிற மாதிரி கடை மங்கலாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து முருகன் என்று ஒருவர் போன் செய்தார். கடலூரில் வேலை, மாமனார் வீடு சிதம்பரம்.

“அண்ணே, மாமனாரு தவறிட்டாரு. சாயங்காலம் எடுக்குறோம். நான் இங்கேர்ந்து கெளம்பறதுக்குள்ள ஒரு பேனரு வேணும். வாட்ஸ்அப்புல போட்டோ போட்டிருக்கேன், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து நிப்பாங்க. மீசை வச்சிருக்கறவருதான் எங்க மாமனாரு.”

ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். இரண்டு பெரியவர்கள். ஒரே உயரம், ஒரே வழுக்கை, நெற்றியில் ஒரே மாதிரி விபூதி. இறந்துபோன அண்ணன் கலியமூர்த்திக்கு வெள்ளை மீசை. தம்பி வைத்திலிங்கத்துக்கு மீசை கிடையாது, ஆனால் மூக்குக்குக் கீழே கொஞ்சம் நிழல் விழுந்திருந்தது. களிம்பு போட்ட என் கண்ணுக்கு நிழல் மீசையாகிவிட்டது, மீசை காணாமல் போய்விட்டது. தம்பியை அழகாக வெட்டி எடுத்தேன். பின்னால் மேகம், பக்கத்தில் குத்துவிளக்கு, மேலே இரண்டு வெள்ளைப் புறா. கீழே கலியமூர்த்தியின் பெயர். முருகனுக்கு மாதிரியை அனுப்பினேன். சாவு வீட்டு அவசரத்தில் இருந்த மனுஷன், கைகூப்பிய பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பினார். எங்கள் தொழிலில் அதற்கு ‘ஓகே, அடிங்க’ என்று அர்த்தம். அடித்தோம். சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு அவரும் போய்விட்டார்.

மத்தியானம் பாய்க்கு ஒரு போன் வந்தது. “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் களிம்பு கரைந்திருந்ததால் அவர் முகம் மாறியது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

“குமாரு, செத்தது யாரு?”

“கலியமூர்த்தி, பாய்.”

“பேனருல இருக்கறது அவரு தம்பியாம். தெருமுனையில பேனரக் கட்டிட்டாங்க. அதுக்குக் கீழதான் அவரு சேரு போட்டு உக்காந்திருக்காராம்.”

பாயே உட்கார்ந்து படத்தை மாற்றி, வேறு பேனர் அடித்தார். அதை என் கையில் கொடுத்து, “நீயே எடுத்துட்டுப் போ. நீயே கட்டிட்டு வா. அடிச்சாங்கன்னா வாங்கிக்க. வந்த பொறவு நாம பேசிக்கலாம்” என்றார். அடியைவிட அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் நான் பயந்தேன்.

பைக்கில் கிளம்பினேன். என் ஹெல்மெட்டின் கண்ணாடி எப்போதோ உடைந்து போனது. ஆலப்பாக்கம் தாண்டியதும் காற்றும் லாரிப் புழுதியும் சேர்ந்துகொண்டன. வறண்ட கண்ணுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்று அடித்தால் பயந்துபோய், தன்னிடம் இருக்கிற தண்ணீரையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிடும். அந்தத் தண்ணீரால் கண்ணுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பி.முட்லூர் வருவதற்குள் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. வழியெல்லாம், “சிஸ்டத்துல ஏதோ கோளாறுங்க” என்று சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். (பழியைத் தாங்குவதற்கென்றே கண்டுபிடித்த சாதனம் கம்ப்யூட்டர்.)

தெருமுனையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான்கைந்து பேர் பேனர்காரனுக்காகக் காத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். என் முகத்தைப் பார்த்ததும் முன்னால் வந்தவரின் ஓங்கிய கை தானாக இறங்கியது. “வாங்க மாமா” என்று என் கையைப் பிடித்து நேராகப் பந்தலுக்குள் கூட்டிப் போனார். தொண்டையில் புழுதி, எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, “பாத்தியாய்யா ஒன் சிநேகிதரு படுத்திருக்கறத” என்று குரல் எடுத்து அழுதார். நான் கும்பிட்டேன். கலியமூர்த்தியை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பஞ்சு மாதிரி மீசை. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மீசை.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. வெளியே வந்து முருகனிடம், “நான்தாங்க பேனரு பண்ணவன்” என்று சொல்லிவிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் திரும்பினார்கள். பேனருக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். நான் வெட்டி எடுத்த அதே முகம், புறா மட்டும் இல்லை.

“நீதான் என்னப் படத்துல போட்டவனா?”

“ஆமாங்கய்யா. மன்னிச்சிடுங்கய்யா.”

வைத்திலிங்கம் ஐயா என் முகத்தையே பார்த்தார். தண்ணீர் நின்றபாடில்லை.

“நான் நல்லாத்தான இருக்கேன். எனக்குப் போயி ஏன் தம்பி இப்படி அழுவுற?”

“அழுவலிங்கய்யா. கண்ணு வறண்டு போற வியாதிங்க எனக்கு.”

“வறண்ட கண்ணுல எங்கேர்ந்துய்யா இவ்ளோ தண்ணி வரும்?” என்று பின்னால் ஒருவர் கேட்டார். கேட்டது நியாயம்தான்.

ஐயா என் தோளில் கை வைத்தார். காலையிலிருந்து அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார் என்று முருகன் பிறகு சொன்னார். “எங்க அண்ணன் போயிட்டாருப்பா” என்றார். அவ்வளவுதான், என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார். என் கண்ணில் வந்தது காற்றுக்கு வந்த தண்ணீர், அவருக்கு வந்தது நிஜம். அந்த மனுஷனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் ஒரு திருடன் மாதிரி உணர்ந்தேன். அதற்கப்புறம் யாரும் என்னை அடிக்கவில்லை. புதுப் பேனரைக் கட்ட, அடிக்கக் காத்திருந்தவர்களே ஏணி பிடித்தார்கள்.

மறுநாள் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“கண்ணு இப்படின்னு ஏன் முன்னாடியே சொல்லல?”

“வேலை போயிடும்னுதான் பாய்.”

“அப்ப சுகரு?”

“அது இல்ல பாய்.”

இத்தனை நாள் நான் குடித்த சர்க்கரையில்லாத டீதான் பாயை ஜாஸ்தி பாதித்தது என்று நினைக்கிறேன். எழுந்து போய் ஏசிக் காற்று வருகிற மடலை வேறு பக்கம் திருப்பினார். “அஞ்சலி பேனரெல்லாம் இனிமே நான் பாத்துக்கறேன். நீ உசுரோட இருக்கறவங்கள மட்டும் பண்ணு” என்றார். வேலை தங்கியது.

வைத்திலிங்கம் ஐயா கலெக்டர் ஆபீஸ் வேலையாகக் கடலூர் வந்தால் கடைக்கு வராமல் போகமாட்டார். “சாவு சேதி பொய்யா வந்தா ஆயுசு கூடும்பாங்க” என்பார். கூட வந்தவர்களிடம், “என்னக் கொன்ன புண்ணியவான் இவருதான்” என்று அறிமுகம் செய்வார். எனக்கு டீ வாங்கிக் கொடுப்பார். கண் எப்படி இருக்கிறது என்று கேட்பார், நான் சொல்வதைப் பாதிதான் நம்புவார். அவர் வருகிற நாளுக்காக நான் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன்.

போன வருஷம் முருகன் மறுபடியும் போன் செய்தார். இந்தத் தடவை தவறினது வைத்திலிங்கம் ஐயாவேதான்.

பாயிடம் கேட்டு அந்த ஒரு பேனரை மட்டும் நானே செய்தேன். பாயின் காரில், ஜன்னலையெல்லாம் ஏற்றிவிட்டுத்தான் போனோம். காற்று இல்லை, புழுதி இல்லை. ஐயாவின் முகத்தைப் பார்த்ததும் நெஞ்சை அடைத்தது. கண்ணில் மட்டும் ஒரு பொட்டு வரவில்லை. எரிந்தது, அவ்வளவுதான். பந்தலில் இருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். அன்றைக்கு முன்பின் தெரியாதவருக்கு அப்படி அழுதவன், இன்றைக்குத் தெரிந்தவருக்கு முழித்துக்கொண்டு நிற்கிறான். பையிலிருந்த மருந்தைத் தொட்டேன். இத்தனை பேர் பார்க்க அதை எடுத்துக் கண்ணில் விடுவதா? பையிலேயே வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் என் கண்ணை நான் மனசார வெறுத்தது அன்றைக்குத்தான்.

முருகனின் மனைவி, ஐயாவின் அண்ணன் மகள், அழுத முகத்தோடு நிமிர்ந்து பார்த்தார். “அவர ஏன் எல்லாரும் பாக்குறீங்க? எங்க சித்தப்பா உசுரோட இருக்கும்போதே அவருக்காக அழுது முடிச்சவரு அவரு” என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு பந்தலே சிரித்தது. பிறகு எல்லோரும் இன்னும் பலமாக அழுதார்கள்.

சிதம்பரத்தில் அந்த வீட்டில் இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். எங்கள் வீட்டிலும்தான். சண்டை முற்றி மல்லிகா அழும்போது, நான் வறண்ட கண்ணோடு எதிரில் நின்றால், மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்பாள்: “ஏங்க, எனக்கும் முன்னாடியே அழுது முடிச்சிட்டீங்களா?”