மெயில் மோகினி

ராமேஸ்வரத்துக்கு முன்பெல்லாம் பாவத்தைக் கழுவத்தான் கூட்டம் வரும். போன ஆடி மாதம் மின்னஞ்சலைக் கழுவவும் ஒரு கூட்டம் வந்தது.

பாம்பன் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் ஆளுயரப் பலகை: ‘ஓயாமல் மெயில் பார்க்கிறீர்களா? உங்கள் கட்டைவிரலில் மெயில் மோகினி உட்கார்ந்திருக்கிறாள். அவளை ஓட்டித் தருகிறார் அமைதியடிகள்.’ காலை ஆறு மணிக்கே வரிசை சாலையைத் தொட்டுவிடும். வங்கி அதிகாரி, வாத்தியார், துபாய் விசாவுக்குக் காத்திருக்கும் நாலு பேர், கம்ப்யூட்டர் படித்த ஒரு பொறியாளர். பொறியாளர்தான் வரிசையில் முதல் ஆள். படிப்புக்கென்று ஒரு மரியாதை உண்டல்லவா.

அந்த வரிசையில் ஒருநாள் முனீஸ்வரனும் நின்றார். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி லாட்ஜ் நடத்துகிறவர். யாத்திரைக் குழுக்கள் மெயிலில்தான் அறை கேட்கும். முன்பு ஒருமுறை பதில் தாமதமாகப் போய் ஒரு குழு கைவிட்டுப் போனது. அன்றிலிருந்து அவர் கைக்கு ஓய்வில்லை. சாப்பிடும்போது பார்ப்பார். குளித்துத் துவட்டும்போது பார்ப்பார். மகளின் சடங்கு வீடியோவில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அவர் குனிந்துதான் இருப்பார்; முகத்துக்குப் பதில் வழுக்கைதான் பதிவாகியிருந்தது.

மனைவி ஜெயப்பிரியாதான் அவரை மண்டபத்துக்கு இழுத்துவந்தாள். “நான் சொல்லித்தான் கேக்கல. சாமியார் சொன்னாலாச்சும் கேளுங்க.”

முறை எளிமையானது. ஒரு சீட்டில் பெயர், நட்சத்திரம், கைப்பேசியின் பூட்டு எண் மூன்றையும் எழுத வேண்டும். சீட்டும் கைப்பேசியும் ஒரு பித்தளைக் குடத்துக்குள் போகும். குடம் சிவப்புத் திரைக்குப் பின்னால் போகும். மணியடிக்கும், சாம்பிராணி புகையும். ஐந்து நிமிடத்தில் கைப்பேசி திரும்பி வரும். அதன் பிறகு எத்தனை மெயில் வந்தாலும் ‘டிங்’ என்ற சத்தம் கேட்காது.

“நாற்பத்தெட்டு நாள் மெயில் பெட்டியைத் திறக்காதே, மகனே” என்றார் அமைதியடிகள். “திறந்தால் ஒருத்தி போன இடத்தில் ஏழு பேர் வருவார்கள்.”

ஒருத்தியைத் தாங்க முடியாமல் வந்தவருக்கு ஏழு என்றால் நடுக்கம் வராதா? முனீஸ்வரன் திறக்கவில்லை. சத்தமும் இல்லை. முதல் வாரம் உடம்பு பஞ்சாக இருந்தது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்களில் ஆறு பேர் மண்டபத்துக்குப் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு லாட்ஜ் வாசலில் ஒரு பேருந்து வந்து நின்றது. நாசிக்கிலிருந்து நாற்பத்திரண்டு பேர். வருகிற தேதியை மூன்று மெயிலில் எழுதியிருக்கிறார்கள். அறைகளோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டன. கால் வீங்கிய ஒரு மூதாட்டி வெயிலில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கவுண்டரில் இருந்தவள் ஹுமைரா. திருப்பாலைக்குடிக்காரி, பதினோரு வருடமாக அங்கே வேலை. எதிர் லாட்ஜ், பக்கத்து லாட்ஜ் என்று ஏறி இறங்கி, மூன்று மணி நேரத்தில் எல்லோருக்கும் இடம் பிடித்துக் கொடுத்தாள். மூதாட்டியைத் தானே கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்துவிட்டு வந்து, முனீஸ்வரனிடம் கையை நீட்டினாள்.

“அண்ணே, போனைக் குடுங்க.”

உள்ளே நூற்றுப் பதினேழு மெயில்கள் திறக்கப்படாமல் கிடந்தன. அவள் ‘செட்டிங்ஸ்’ பக்கம் போய்ப் பார்த்தாள்.

“மெயில் சத்தத்த நீங்களா நிறுத்துனீங்க?”

“மோகினி போனதால நின்னுச்சும்மா.”

“பூட்டு நம்பர் கேட்டாகளா?”

“கேட்டாங்க. எழுதிக் குடுத்தேன்.”

ஹுமைரா கைப்பேசியைக் கவுண்டர் மேல் வைத்தாள். பிறகு சொன்னாள்: “பதினோரு வருசமா இங்கன உக்காந்திருக்கேன். எனக்கு ஒரு நாளாச்சும் லாட்ஜ் மெயில் பாஸ்வேர்ட குடுத்திருக்கீங்களா? அது இருந்திருந்தா அந்தம்மா வெயில்ல உக்காந்திருக்குமா?”

முனீஸ்வரனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் வந்தால் நம்பிக்கை போய்விடும் என்று யார் சொன்னது? மண்டபத்துக்குப் போன் போட்டார். மோகினி கோபத்தில் பேருந்தை ஏவியிருக்கிறாளாம். இரட்டைக் கட்டுப் போட வேண்டுமாம், கட்டணமும் இரட்டையாம்.

“போயிட்டு வாரேன்” என்று கிளம்பினார்.

“நானும் வாரேன்” என்றாள் ஹுமைரா. “ஒண்ணே ஒண்ணு. சத்தத்தத் திரும்ப வச்சிட்டேன். பூட்டு நம்பரை மாத்திக்கிருவோம். சீட்டுல பழைய நம்பரையே எழுதுங்க. மோகினி போறதுக்கு நம்பர் வேணாமில்ல?”

முனீஸ்வரன் நெற்றியைச் சொறிந்தார். இதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. சரி என்றார்.

மண்டபத்தில் குடம் திரைக்குப் பின்னால் போனது. மணியடித்தது. ஐந்து நிமிடம் ஆனது, பத்து ஆனது, இருபது ஆனது. மணியடிக்கிறவருக்குக் கை வலித்திருக்க வேண்டும், இடையிடையே நின்றது. கடைசியில் ஒரு சீடர் தலையை நீட்டினார்.

“நம்பர் தப்பா இருக்கு. திறக்க மாட்டேங்குது.”

“எதத் திறக்கணும்?” என்றாள் ஹுமைரா.

“போனை.”

“மோகினி உள்ள போகையில யார்கிட்டயும் நம்பர் கேக்கலையே. வெளிய வாரதுக்கு மட்டும் எதுக்கு?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அமைதியடிகள் கையை உயர்த்தினார். “ஆராயாதே மகளே, நம்பு. கட்டு முடிந்தது. கைப்பேசி சுத்தமாகிவிட்டது.”

ஹுமைரா அதை வாங்கி முனீஸ்வரன் உள்ளங்கையில் வைத்தாள். தன் கைப்பேசியிலிருந்து லாட்ஜுக்கு ஒரு மெயில் அனுப்பினாள்.

டிங்.

“போகிறவளின் கொலுசுச் சத்தம்” என்றார் அடிகள்.

இன்னொன்று அனுப்பினாள். டிங்.

“இது மறுகால் கொலுசுங்களா?” என்று கேட்டார் வங்கி அதிகாரி.

குணமானதற்கு நன்றி சொல்லப் பழத்தட்டோடு வந்திருந்தார் பானுப்பிரியா என்ற ஆசிரியை. ஹுமைரா அவரிடம் கேட்டு, அவருடைய கைப்பேசியை எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடித்தாள். சத்தத்துக்கான சுவிட்ச் அணைந்திருந்தது. அதைப் போட்டுவிட்டு, அவர் சொன்ன முகவரிக்கு மெயில் அனுப்பினாள். டிங். “வந்துட்டா.” அணைத்துவிட்டு அனுப்பினாள். சத்தமில்லை. “போயிட்டா.” மறுபடி போட்டாள். டிங். “வந்துட்டா. டீச்சர், நீங்களே ஒருக்கா ஓட்டிப் பாருங்க.”

பானுப்பிரியா விரலை வைத்தார். மோகினி போய்விட்டாள். பழத்தட்டை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

திரையை யார் இழுத்தார்கள் என்று தெரியாது. பின்னால் ஒரு மின்விசிறி, ஒரு முக்காலி, மடியில் இருபது கைப்பேசிகளோடு இன்னொரு சீடர். பக்கத்தில் ரப்பர் போட்டுக் கட்டிய சீட்டுக் கட்டுகள்: ஒரு மாதமாக வந்தவர்களின் பெயர், நட்சத்திரம், பூட்டு எண். அதைப் பார்த்ததும்தான் கூட்டத்துக்கு உறைத்தது. மெயில், புகைப்படம், வங்கிக் கணக்கு எல்லாவற்றின் சாவியையும் அல்லவா எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எண்ணை மாற்ற ஆரம்பித்தார்கள். மாற்றுவது எப்படி என்று ஹுமைராவிடம் வந்து கேட்டவர்களில் பொறியாளரும் ஒருவர்.

அடிகள் சமையற்கட்டு வழியாக நழுவப் பார்த்தார். வங்கி அதிகாரி வழியை மறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். காவலர்கள் வந்தபோதும் பதற்றமில்லை. “சத்தத்தை நிறுத்தினேன். இவர்களுக்கு அமைதி கிடைத்தது. இதில் என்ன பொய்?”

முனீஸ்வரன் முதல்முறையாக நிமிர்ந்து பேசினார். “சத்தத்த நிறுத்தினேன்னு சொல்லியிருந்தா டீ வாங்கிக் குடுத்துக் கும்பிட்டிருப்பேன்யா. அதுக்கு எதுக்கு மோகினி? அந்தம்மாவ எதுக்கு வெயில்ல உக்கார வச்ச?”

மறுநாள் லாட்ஜ் மெயிலின் பாஸ்வேர்டு ஹுமைராவிடம் போனது. முனீஸ்வரன் தன் கைப்பேசியிலிருந்து மெயிலையே எடுத்துவிட்டார். காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் கவுண்டர் கம்ப்யூட்டரில் பார்ப்பதோடு சரி. முதல் வாரம் கட்டைவிரல் துடித்தது. ஜெயப்பிரியா அவர் முன்னால் ஒரு முறம் சின்ன வெங்காயத்தை வைத்தாள். “உரிங்க. அந்த விரலுக்கும் ஒரு வேலை வேணுமில்ல.” கண்ணில் நீர் வழிய உரித்தார். ஒரு குழுவும் கைவிட்டுப் போகவில்லை.

ஆக, விரலைப் பிடித்திருந்தது வெறும் பழக்கம். விடுவதற்குத் தேவைப்பட்டது ஒரு சுவிட்சும் இரண்டு வேளைக் கணக்கும். இதற்குப் போய் நட்சத்திரம் எழுதிக் கொடுத்த நல்லவர்களே, கைப்பேசிக்குப் பூட்டுப் போடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? மூளைக்கு எதற்கு?