இந்தச் சம்பவம் நிர்வாகிக்குத் தெரிவிக்கப்படும்

நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் நிர்வாகியும் எனக்கு மூத்தவளுமாகிய அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், கம்ப்யூட்டர் சுகமில்லை. அங்கே நீயும், உன் அறைத்தோழியும், குளிர்சாதன அறையில் நீ காவல் காக்கும் அத்தனை கம்ப்யூட்டர்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ அப்பாவிடம் கோபித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய நாளிலிருந்து, நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா "உனக்குத்தான்" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டு, அங்கிருந்து நகராமல், சுவரில் இல்லாத ஆணியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் நின்றால் எனக்கு வாய் வராது. நீ "சாப்பிட்டியா" என்பாய், நான் "ம்" என்பேன். "அப்பா எப்படி இருக்காரு" என்பாய், "ம்" என்பேன். "கம்ப்யூட்டர் ஓடுதா" என்பாய், அதற்கும் "ம்". அந்தக் கடைசி "ம்" உண்மை இல்லை. ஆகவே கடிதத்தில் நேராகவே கேட்டுவிடுகிறேன். உன் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி உடனே அனுப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அது என் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன்னை அழித்துவிடுவார்கள். பயப்படாதே, எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் போனது சத்தம். திரை மினுக்கு மினுக்கு என்று கண்ணடிக்கிறதே என்று அப்பா, தான் லிஃப்ட் பழுதுபார்க்கப் போன ஏதோ ஓர் ஆபீசில் வேண்டாம் என்று போட்டிருந்த ஒயரை எடுத்துவந்து மாட்டினார். திரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, பாட்டு நின்றுவிட்டது. நான் ஸ்பீக்கரைத் தட்டினேன், குலுக்கினேன், பெட்டியின் பின்னால் இருக்கிற ஓட்டை ஒவ்வொன்றிலும் செருகிப் பார்த்தேன், அதில் ஒன்று மைக் ஓட்டை என்று அப்புறம் தெரிந்தது. கடைசியில் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால், புது ஒயர் வந்த நாளிலிருந்து சத்தம் முழுவதும் ஸ்பீக்கருக்குப் போகாமல் திரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் திரைக்கு வாயே கிடையாது. நான் கீழே உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்திருக்கிறது, யாருக்கும் கேட்கவில்லை என்பது அதற்குத் தெரியாது. பாவமாகிவிட்டது. ஒரு பொத்தானை மாற்றினேன், சரியாயிற்று. இதை உனக்குச் சொல்லவேண்டும் போல் இருந்தது, சொல்ல ஆள் இல்லாததால் ஸ்பீக்கரிடமே சொன்னேன்.

அடுத்தது பிரின்டர். கீழே திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் அம்மா, தைத்த பொட்டலங்களின் மேல் ஒட்ட விலாசம் அச்சடித்துத் தரச் சொன்னார்கள். நான் அச்சுப் பொத்தானை அமுக்கியதும் அது தாளுக்கு ஒரு வரி வீதம் துப்ப ஆரம்பித்தது, அந்த ஒரு வரியும் மனிதர் படிக்கிற எழுத்தில் இல்லை. நிறுத்தினால் நிற்கிறது, மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது, அச்சு அசல் நம் அப்பாவின் கோபம். தாள் கட்டு முழுவதும் தீர்ந்தபிறகுதான் ஓய்ந்தது. அந்த அம்மா ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள்.

"என்னடி இது, எந்த ஊருக்கு அனுப்பறே?"

"பிரின்டர்…"

"பிரின்டருன்னு ஒரு ஊரா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விலாசங்களைக் கையால் எழுதிக் கொடுத்தேன். பிரின்டரை லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் சரியாகும் என்று எனக்குத் தெரியும், நீ செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் சேர்க்கப் போனால் நிர்வாகியின் பாஸ்வேர்டு கேட்கிறது. சரி, நீ திறப்பாயே அந்தக் கறுப்பு ஜன்னல், அதைத் திறந்து, நிர்வாகியின் அதிகாரத்தைக் கேட்க நீ முதலில் அடிக்கிற அந்த "சூடோ"வை அடித்துப் பார்ப்போம் என்று துணிந்தேன். அது என் பாஸ்வேர்டைத்தான் கேட்டது. அடித்தேன். ஓர் எழுத்தும் விழவில்லை. புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துப்போயிற்று என்று அப்பாவிடம் சொன்னேன்.

"தேய்ஞ்சிருக்கும். நீ நாளெல்லாம் அதுலதானே சீட்டு ஆடறே?" என்றார்.

வேலைக்குப் போன இடத்திலிருந்து ஒன்று கொண்டுவந்தார். அதிலும் விழவில்லை. எதிர் வீட்டுப் பல் டாக்டரிடம் இரவல் ஒன்று வாங்கிவந்தார், அதில் காபி கொட்டி இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது, அதிலும் விழவில்லை. ஊரில் உள்ள கீபோர்டெல்லாம் ஒரே நாளில் செத்ததா என்று அலுத்துப்போய் நான் கையை வைத்தபோது என்டர் பட்டுவிட்டது, உடனே அது பதில் சொன்னது. அக்கா, அது பாஸ்வேர்டைக் காட்டாதாம்! அடிக்கிறவருக்கே காட்டாதாம்! இவ்வளவு கூச்சம் உள்ள ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

அது சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்துக்கே காரணம். ஆங்கிலத்தில் இருந்தது, எழுத்துக்கூட்டிப் படித்தேன். நீ எனக்கு வைத்த பட்டப்பெயரிலேயே கணக்கும் தொடங்கிவைத்திருக்கிறாய் இல்லையா, அதனால் இப்படி வந்தது: நத்தை என்பவர் அனுமதிக்கப்பட்டோர் லிஸ்டில் இல்லை, இந்தச் சம்பவம் நிர்வாகிக்குத் தெரிவிக்கப்படும். லிஸ்டில் இல்லாதது எனக்குப் பழக்கம்தான். நம் அம்மா கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், அன்றைக்கு வாத்தியார் வருகைப் பதிவில் என் பெயரை அடித்தார், அதற்கப்புறம் யாரும் என்னை எந்த லிஸ்டிலும் சேர்த்ததில்லை. ஆனால் "தெரிவிக்கப்படும்" என்பது புதிது. நிர்வாகி நீதான், நீயோ ஊரில் இல்லை. யாருக்குத் தெரிவிப்பார்கள்? அவர்கள் எப்போது வருவார்கள்? நான் அறையைப் பெருக்கினேன், நூல் துண்டுகளைப் பொறுக்கினேன், நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் நிஜமாகவே கதவைத் தட்டினார்கள். கையில் ஒரு கருவியுடன் ஒருவர்.

"வீட்ல யாரும்மா?"

"நான்தான் சார். நான் வேணும்னு பண்ணல சார்."

"எதை?"

"பிரின்டரை எடுத்துட்டுத் திரும்பப் போடலாம்னுதான். என் பாஸ்வேர்டுதான் போட்டேன், வேற யாரோடதும் இல்ல."

"தண்ணி மீட்டர் எங்கம்மா இருக்கு?"

"மீட்டரை நான் தொடவே இல்ல சார்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெரியவங்க யாரும் இல்லையா?" என்றார். "அக்கா ஊர்ல இல்ல" என்றேன். அப்பா என்று ஒருவர் இருப்பதே அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. வந்தவர் தானாகவே மீட்டரைக் கண்டுபிடித்து எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். தப்பித்தோம் என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, அக்கா. கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் நின்றேன். புகார் போயிருந்தால் யாராவது வருவார்கள் இல்லையா? வந்து திட்டினால்தான் என்ன, திட்டுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துதானே திட்டுவார்கள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருப்பேன்.

இதற்கிடையில் கம்ப்யூட்டர் ஒரு நாள் என்னைக் கேட்காமல் எதையோ புதுப்பித்துக்கொண்டது, மறுபடி எழுந்தபோது இன்டர்நெட்டைக் காணோம். உனக்கு மின்னஞ்சல் அனுப்ப இருந்த ஒரு வழியும் போயிற்று. கறுப்பு ஜன்னலில் "மேன்" என்று அடித்தால் விளக்கம் வரும் என்று நீ சொன்னது நினைவு வந்து அடித்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது. எப்படி வெளியே வருவது என்று தெரியவில்லை, மேன் என்றால் ஆள்தானே, அவன் பேசிக்கொண்டே இருக்கிறான், பாதியில் எழுந்து போனால் மரியாதையாக இருக்காது என்று முழுவதும் படித்தேன். ஒரு சொல்லும் புரியவில்லை. இந்த வீட்டில் என்னிடம் அவ்வளவு பேசியவர் இந்த வருடத்தில் வேறு யாரும் இல்லை.

அப்பா பொறுமை இழந்து பெட்டியைக் கழற்றினார். லிஃப்டுக்குப் போடுகிற கிரீஸை எடுத்து ஃபேனுக்கு ஒரு விரல் வைத்தார். மூடிப் போட்டதும் பீப், பீப், பீப் என்று விடாமல் கத்துகிறது.

"உள்ள யாரோ மாட்டிக்கிட்டு மணி அடிக்கிறாங்க" என்றார். தொழில் புத்தி.

அப்பாவின் கை பட்டு நகர்ந்திருந்த மெமரிச் சில்லுப் பட்டையை நான் எடுத்துத் துடைத்து, கிளிக் என்று கேட்கும்வரை அழுத்தி வைத்தேன், கத்தல் நின்று திரை வந்தது. எப்போதும்போல் இரண்டு பெயர்கள். மேலே உன் பெயர், கீழே நத்தை. அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"இது தினமும் வருதா?"

"ம்."

"தினமும் அவ பேர்தான் மேலயா?"

"ம்."

"இந்தப் பொட்டியும் அவளும் ஒரே மாதிரிதான். அதுவும் சொன்ன பேச்சு கேக்கல, அவளும் கேக்கல. மொபைல் கடைத் தம்பிய வரச் சொல்றேன்" என்று போய்விட்டார்.

மொபைல் கடை அண்ணன் வந்து பார்த்தார். விண்டோஸுக்குப் பதில் நீ போட்டுவைத்திருக்கும் லினக்ஸை அவர் பார்த்த பார்வை, நாம் பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்ப்பது போல, ஆசையும் ஒதுங்கலும்.

"இதுக்கு நிர்வாகி பாஸ்வேர்டு வேணும்மா. இல்லன்னா மொத்தமா அழிச்சிட்டு, எல்லாரும் வெச்சிருக்கறதையே போட்டுத் தர்றேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"அழிச்சா… அக்கா பேரு?"

"போயிடும். உன் பேரைப் புதுசாப் போட்டுக்கலாம், மேலயே போட்டுக்கலாம்."

அவர் செருப்பைப் போடும்போது, வெளியாளிடம் இதுவரை நான் பேசியதிலேயே நீளமான வாக்கியத்தைப் பேசினேன். "அண்ணா, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்னு சொல்லுதே, அது யாருக்குப் போகும்?"

சிரித்தார். "எங்கயும் போகாது. பொட்டிக்குள்ளயே உங்க அக்கா பேர்ல ஒரு ஓரமா விழுந்து கிடக்கும், அவங்க வந்து பாத்தா உண்டு. என்ன அடிச்சியோ அதுவும் அப்படியே இருக்கும்."

அன்றிலிருந்து, அக்கா, நான் என்ன செய்துவருகிறேன் என்றால், கறுப்பு ஜன்னலைத் திறந்து, சூடோ போட்டு, பக்கத்தில் உனக்குச் சொல்ல வேண்டியதை ஆங்கில எழுத்தில் அடிக்கிறேன். சூடோ இன்றைக்கு மழை. சூடோ அப்பாவுக்கு இருமல், நீ கேட்டால் இல்லை என்பார். சூடோ கடை அம்மா என் தையலைப் பார்த்து நேராக இருக்கிறது என்றார்கள். சூடோ நீ எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறாய். ஒவ்வொன்றுக்கும் எனக்கு அனுமதி இல்லை என்கிறது, ஒவ்வொன்றையும் நிர்வாகிக்குத் தெரிவிப்பதாகவும் சொல்கிறது. இந்த வீட்டில் நான் சொன்னதை உன்னிடம் சேர்ப்பேன் என்று சொன்னது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை அழித்தால் அதெல்லாம் போய்விடும். உன் பெயரும் போய்விடும். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் இந்த வீட்டில் நாம் இரண்டு பேர் இருப்பதாக ஒரு நிமிஷம் தெரிகிறது, அதற்கப்புறம்தான் நான் என் பெயரை அழுத்தி உள்ளே போகிறேன். அது இல்லாமல் எப்படி நாளைத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே பாஸ்வேர்டை அனுப்பு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்து எழுது. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்பது உனக்கே தெரியும்.

குளிர் அறையில் காதை மூடிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. அறைத்தோழிக்கு என் அன்பைச் சொல், ஆனால் நான் சொன்னதாகச் சொல்லாதே, கூச்சமாக இருக்கிறது. உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும் என்று, வயதில் சின்னவளாக இருந்தாலும், மனசார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
லிஸ்டில் இல்லாத
நத்தை

பின்குறிப்பு: தபால்தலை வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்கலாம், கேட்கலாம் என்று இருந்ததில் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. மொபைல் கடை அண்ணன் பையோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், எடுக்கவே இல்லை.

"ஓடிக்கிட்டிருக்கற பொட்டிய எதுக்குத் தம்பி அழிக்கணும்?"

"நீங்கதானே சார் அழிக்கச் சொன்னீங்க?"

"சொல்லுவேன். கோவத்துல நான் ஆயிரம் சொல்லுவேன். அதையெல்லாம் அப்படியே எடுத்துக்கிட்டு எழுந்து போயிடுவாங்களா? பெரியவ வந்து பாத்துக்குவா, நீங்க போங்க."

அவர் போனபிறகு அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு லீவு எப்போது என்று என்னைக் கேட்டார். நான் "ம்" என்று சொல்லவில்லை. எழுதிக் கேட்கிறேன் என்றேன். தபால்தலை வாங்கத்தான் இப்போது போயிருக்கிறார்.

ஆகவே, அக்கா, மேலே கேட்ட பாஸ்வேர்டு வேண்டாம். தயவுசெய்து அனுப்பிவிடாதே. கையில் கிடைத்தால் நான் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவேன். எல்லாம் சரியாகிவிட்டால் நீ எதற்கு வருவாய்?