ஆய்வாளர் உட்கார்ந்த சீட்டு

ஒரு காட்டில், தகுதிச் சான்று இல்லாத வண்டி மலையேறக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். அந்தக் காட்டில்தான் கொம்பையா என்ற கரடி பழைய ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு திண்டாடியது. போன வருடம் சான்று கிடைக்கவில்லை. உச்சியில் தேன் சொட்டிக்கொண்டிருக்க, கொம்பையா அடிவாரத்தில் காலிப் பானையை நக்கிக்கொண்டிருந்தது. இந்த வருடத் தேன் பருவம் நாளை தொடங்குகிறது. இன்று சான்று வாங்காவிட்டால் மறுபடியும் பானைதான்.

பாறையில் இடிக்காமல் இருக்க, ஜீப்பின் சைலன்சர் குழாயை மேலே தூக்கிக் கட்டச் சொல்லியிருந்தது கொம்பையா. மெக்கானிக் முள்ளம்பன்றி பேச்சிமுத்து கட்டி முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தது.

"அண்ணே, குழாய் இப்ப இடது சீட்டுக்கு அடியில ஒட்டிக்கிட்டுப் போவுது. சூடு மேல ஏறும். நடுவுல நாலு விரக்கடை எடம் விடணும். இல்லேன்னா ஒரு தகடாவது அடிக்கணும்."

"எடம் விட்டா பாறை இடிக்கும்."

"அப்ப தகடு? வாங்கி வெச்சிருந்தீங்களே."

"அத வெட்டித் தேன் பீப்பாய்க்கு மூடி பண்ணியாச்சு. இடது சீட்டுல யாருப்பா உக்காரப் போறா? எனக்கென்ன பொண்டாட்டியா, புள்ளையா?"

கட்டைப் பிரம்மச்சாரிகளின் வண்டி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஒருவர் உட்காருவார் என்பது சான்றுக்கான வரிசையில் நின்ற பிறகுதான் கொம்பையாவுக்கு உறைத்தது. ஆய்வாளர் சங்கரலிங்கம். எருமைதான், ஆனாலும் அதிகாரி, மரியாதையாகவே சொல்வோம். அவர் இன்ஜினை ஓடவிட்டு, இடது சீட்டில் அமர்ந்து, நாற்பத்தெட்டுக் கேள்விகள் உள்ள படிவத்தை நிதானமாக நிரப்புவார். அழுதாலும் புரண்டாலும் எருமை மேல் மழை பெய்த மாதிரிதான். போன வருடம் கொம்பையாவின் ஹாரனில் பணிவு போதாது என்று எழுதித் திருப்பி அனுப்பிய புண்ணியவான் அவரே.

பின்னால் நின்ற ஜீப் ஆமை திருவேங்கடத்துடையது. குழாய் முழுக்க வெப்பம் தடுக்கும் துணி, அதற்கு மேல் தகடு, தகட்டுக்கு மேல் காற்றுப் போக இடைவெளி. பிறந்ததிலிருந்து ஓட்டுக்குள் வாழ்கிற பிராணிக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டுமா?

"வேலைன்னா இப்படிப் பண்ணணும் கொம்பையா," என்றது ஆமை.

சங்கரலிங்கம் ஏறி அமர்ந்தார்.

"பேரு?"

"கொம்பையாங்க."

"தகப்பனார் பேரு?"

மூன்றாவது கேள்வியில் அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். ஐந்தாவதில் மறுபக்கம் சாய்ந்தார். எட்டாவதில் லேசாகக் கருகிய வாடை வந்தது. தேன் போச்சு என்று கொம்பையா கண்ணை மூடிக்கொண்டது.

ஆய்வாளர் எழுந்து நின்றிருக்கலாம். ஆனால் அமர்ந்தபடிதான் எழுத வேண்டும் என்பது அவரே போட்ட விதி. வண்டியை நிராகரித்திருக்கலாம். ஆனால் நிராகரித்தால் காரணம் நாலு பக்கம் எழுத வேண்டும், அதையும் அமர்ந்தபடி எழுத வேண்டும். ஆகவே மீதி நாற்பது கட்டங்களிலும் ஒரே மூச்சில் 'நன்று' என்று எழுதி, முத்திரை குத்தி, கீழே குதித்து, நேரே குளத்துக்குப் போய் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து வந்து ஆமையின் ஜீப்பில் அமர்ந்தார். சீட்டு வாழைத்தண்டாய்க் குளிர்ந்திருந்தது.

"அருமையான வண்டி திருவேங்கடம். எந்திரிக்கவே மனசு வரல."

எழுந்திருக்கவும் இல்லை. சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு குறைகளைக் கண்டுபிடித்தார். முப்பத்தொன்றாவது, உரிமையாளர் பதில் சொல்லத் தாமதிக்கிறார் என்பது.

மறுநாள் கொம்பையா மலையுச்சியில் முழங்கை வரை தேன் வழிய உட்கார்ந்திருந்தது. அடிவாரத்தில் ஆமை, பேச்சிமுத்துவின் பட்டறை வாசலில் தகட்டைக் கழற்ற வரிசையில் நின்றது. பட்டறையில் புதுப் பலகை தொங்கியது: 'இங்கு இடது சீட்டுக்கு மட்டும் சூடு வைத்துத் தரப்படும்.'

நீதி: வண்டியில் எங்கு வேண்டுமானாலும் சூட்டைத் தணிக்கலாம், கையெழுத்துப் போடுகிறவர் உட்காரும் இடத்தைத் தவிர.