எழுதப்போகிறவர்

எழுத்தாளர்களால் உங்களுக்குப் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, படிக்காமல் இருந்துவிடலாம். ஆனால் இன்னொரு வகை இருக்கிறது. எழுதப்போகிறவர். இவரிடமிருந்து அப்படித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் படிக்க இன்னும் எதுவும் வரவில்லை. கேட்டுத்தான் தீர வேண்டும்.

உங்களுக்கு இவரைத் தெரியும். அலுவலகத்தில் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பார். "என்ன சார் எழுதறீங்க?" என்று வாய் தவறிக் கேட்டுப் பாருங்கள். எதை எழுதுகிறார் என்று சொல்ல மாட்டார். எதில் எழுதுகிறார் என்று சொல்லுவார். டீ ஆறும், ஏடு படியும், டம்ளரை எடுக்க வந்தவர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போவார், இவர் அப்போதுதான் விசைப்பலகைக்கே வந்திருப்பார்.

நம்மவர் குடிநீர் வாரியத்தில் கணினிப் பிரிவு. வீட்டுக் கூடத்தில் அவருக்கென்று ஒரு மூலை, அந்த மூலையில் இரண்டு திரை, திரைக்குப் பின்னால் யாரும் துடைக்கக் கூடாத ஒயர்கள், முதுகெலும்புக்காகவே செய்த நாற்காலி, அதற்கெல்லாம் முன்னால் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த விசைப்பலகை. ஒவ்வொரு விசையும் தனித்தனியாகச் சத்தம் போடும். எழுத்தாளனுக்கு அந்தச் சத்தம் உற்சாகம் தருமாம். அது வந்த அன்றே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

"சார், வீட்ல மரவேலை ஏதாவது நடக்குதா? கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லுங்க."

எழுத்துரு விஷயத்தில் நம்மவர் புலி. நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு முறை உண்டு. 'ஞ' என்ற ஒற்றை எழுத்தை அடிப்பார், பெரிதாக்குவார், நாற்காலியைப் பின்னால் தள்ளித் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "ஞ சரியா அமைஞ்சுட்டா மத்ததெல்லாம் தானா அமையும்" என்பது அவர் சித்தாந்தம். ஞ அமைந்தது. மற்றது அமையவில்லை.

அப்புறம் பாதுகாப்பு. கதை தொலைந்துபோனால் என்ன செய்வது என்று, இல்லாத கதையைப் பற்றி வெகுநாள் கவலைப்பட்டு, அவரே ஒரு புரோகிராம் எழுதினார். அலுவலகக் கணினி, வீட்டுக் கணினி, கைப்பேசி மூன்றிலும் 'கதை' என்று ஒரு கோப்பு. எதில் கடைசியாகக் கை வைக்கிறாரோ, மற்ற இரண்டும் அந்த நிமிடமே அதைப் பார்த்து மாறிக்கொள்ளும். முந்தைய பிரதி இருந்த சுவடே இருக்காது.

"பழசைச் சேத்து வச்சாத்தான் குழப்பம்" என்று மனைவிக்கு விளக்கினார்.

"நல்லதுங்க. புதுசு எங்க?" என்றாள் மனைவி. அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் குத்தி எடுத்த ரத்தத்துக்கு மாலைக்குள் முடிவைக் கையில் கொடுத்தாக வேண்டும். அதனால் தொடங்கியதை முடிப்பது என்ற கெட்ட பழக்கம் அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்படியே காலம் போயிருக்கும். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள்தான் கெடுத்தாள். வீட்டில் ஒருவர் எழுதியதை வெள்ளிக்கிழமை வகுப்பில் வாசிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

"மொதல் பேரே என் பேருதாம்பா. எங்கப்பா ரைட்டர்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"சொல்லிட்டியா?"

"எப்பவோ சொல்லிட்டேன். பக்கத்து சீட்டுக்காரியோட அம்மா கவிதை எழுதி லேமினேட்டே பண்ணிட்டாங்க. என்னைக் கவுத்துடாதீங்கப்பா."

அவருக்கு நெஞ்சு விம்மியது. இந்த உலகத்தில் அவரை எழுத்தாளர் என்று சந்தேகமில்லாமல் நம்புகிற ஒரே ஆள் அவள்தான். உடனே உட்கார்ந்தார். கையால் அடித்தால் கற்பனை ஓட்டம் தடைப்படும் என்று, வாயால் சொன்னால் தானே எழுதிக்கொள்ளும் வசதியை நிறுவினார். கண்ணை மூடி, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, காதலர்கள் ஆற்றங்கரையில் பிரியும் காட்சியை உருக்கமாகச் சொன்னார். திறந்து பார்த்தால், அவள் கண்ணீரைத் துடைத்தபடி அவனிடம், "தண்ணி ரொம்பி வழியுது, மோட்டாரை நிறுத்தித் தொலைங்க" என்று சொல்லியிருந்தாள். சமையலறையிலிருந்து வந்த மனைவியின் குரல். கதையில் உயிரோடு இருந்தது அந்த ஒரு வரிதான். அதைத்தான் முதலில் அழித்தார்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் மின்சாரம் போயிற்று. கணினி இல்லை, செய்வதற்கு ஒன்றும் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நேரம் போகாமல் கைப்பேசியில் அந்தக் 'கதை' கோப்பைத் திறந்து கட்டைவிரலால் ஏதோ எழுத ஆரம்பித்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தினமும் போன் செய்யும் ஒரு பெரியவர்; ஆள் போய்த் திறந்து பார்த்தால் தண்ணீர் கொட்டும்; பெரியவருக்குத் தேவைப்பட்டது தண்ணீர் அல்ல, பேச ஓர் ஆள். எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது சாப்பாட்டைத் தொடவே இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், கதை நன்றாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்தார். அச்சடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாமா, இல்லையா? இவ்வளவு நல்ல கதையைப் பழைய எழுத்துருவிலா அச்சடிப்பது! புதிதாக ஒன்றை இறக்கினார். கதையின் மேலேயே சோதனை செய்ய மனம் வரவில்லை, பத்திரம் முக்கியம் அல்லவா, அதனால் தனியாக ஒரு கோப்பைத் திறந்து 'ஞ' அடித்தார். ஆஹா! அப்படி ஒரு ஞ-வை அவர் பார்த்ததே இல்லை. பூரிப்பில் கை தன் பழக்கத்துக்கு அதற்கும் 'கதை' என்றே பெயர் வைத்தது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, இதை அதற்குப் பதிலாக வைத்துவிடவா என்று கணினி கேட்டது. கணினி கேட்கும் கேள்விகளை இவர்கள் படிப்பதில்லை, பதில் சொல்வதோடு சரி. 'ஆம்' என்றார். புரோகிராம் கடமை தவறாதது. மற்ற இரண்டு இடங்களிலும் அந்த நிமிடமே மாற்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, சீருடையில் மகள் நின்றுகொண்டிருக்க, அச்சுப்பொறி ஒரே ஒரு தாளைத் துப்பியது. நடுவில் ஒரு ஞ.

கைப்பேசியை எடுத்தார். ஞ. அலுவலகத்துக்குச் சீக்கிரம் வந்துவிடும் காவலாளிக்குப் போன் போட்டு, கணினியைத் திறக்கச் சொன்னார்.

"சார், ஒரு ஞ இருக்கு சார். பெருசா இருக்கு. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல சார்."

"கதை எங்கப்பா?" என்றாள் மகள்.

மனைவி ஒரு தாளையும் பேனாவையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "நேத்து யோசிச்சதுதானே, மண்டையிலதானே இருக்கு? உக்காந்து எழுதிக் குடுங்க. வேன் வர நேரம் இருக்கு."

"எழுதறதா? எதுக்கு எழுதணும்? அழிஞ்சதை மீட்டு எடுக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இப்ப வந்துரும்." அது இறங்கியது, நிறுவிக்கொண்டது, தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது, பச்சைக் கோடு ஊர்ந்தது. வாசலில் ஹாரன் அடித்தது. மகள் ஞ-வை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கிப் போனாள்.

அன்று முழுக்க அலுவலகத்தில் அவருக்கு வேலை ஓடவில்லை. வகுப்பே சிரிக்க, கையில் ஒற்றை எழுத்தோடு பெண் நிற்பது கண்ணைவிட்டுப் போகவில்லை. யாரோ வந்து, "என்ன சார், புதுசா ஏதாவது எழுத்துரு?" என்று அன்போடு கேட்டதற்குக்கூட எரிந்து விழுந்தார். பாவி, ஒரு குழந்தை நம்பியதைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மாலையில் மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"போய் நின்னேம்பா. தாளைக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. இது என்னன்னு மிஸ் கேட்டாங்க. அப்புறம் இது எப்படி வந்துச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சேன்."

"எதெல்லாம் சொன்னே?"

"எல்லாம்தான். மரவேலை, மோட்டாரு, வாட்ச்மேன், எல்லாம். மிஸ் சிரிச்சுச் சிரிச்சுத் தண்ணி குடிச்சாங்கப்பா! பெல் அடிச்சும் ஒருத்தரும் எழுந்திருக்கல. லேமினேட் பண்ணதை யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. அடுத்த வெள்ளிக்கிழமையும் நான்தான் சொல்லணுமாம்."

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுடும்மா. இனிமே இதெல்லாம் கிடையாது. நாளையிலேருந்து வெறும் பேனா, வெறும் பேப்பர்."

மகள் பதறிப்போனாள். "ஐயோ, திருந்திடாதீங்கப்பா! அடுத்த வாரத்துக்கு எனக்கு வேற கதை இல்ல."

மனைவி சிரிப்பை அடக்கமாட்டாமல் உள்ளே போய்விட்டாள். நம்மவரோ சொன்ன சொல் மாறாதவர். நல்ல பேனா எது என்று ஒப்பிட்டுப் பார்க்க அப்போதே கணினியைத் திறந்தார்.

நீங்களும் சிரித்தீர்கள், சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். அந்தக் கோப்பு அழிந்த இடத்தில், 'அட, பழைய பிரதிகளையும் வைத்துக்கொள்கிற நல்ல செயலி ஒன்று இருக்கிறதே, இந்த ஆளுக்குத் தெரியாதா' என்று உங்கள் மனசு ஒரு நொடி குறுகுறுத்ததா? குறுகுறுத்ததென்றால், உங்கள் வீட்டிலும் ஒருத்தர் வெள்ளிக்கிழமைக்குக் கதை சேர்த்துக்கொண்டிருக்கிறார்.