கூகைக்கு நாங்கள் ஆற்றிய தொண்டு

இந்த ஊரில் இன்னும் பறவைகள் பறக்கின்றன என்றால் அதற்கு எங்கள் இயற்கை ஆர்வலர் மன்றமே காரணம். மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் இதை நானே எழுதி, நானே கையெழுத்திட்டு, ஆண்டுதோறும் அறிக்கையில் வெளியிட்டு வருகிறேன். மாதம் ஒன்று வீதம் தொண்ணூற்றொன்பது சொற்பொழிவுகள். தட்டான் முதல் தவளை வரை நாங்கள் பேசித் தீர்க்காத உயிரினம் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து போய்த்தான் இயற்கையைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது, பரிதாபம்தான்.

நூறாவது சொற்பொழிவுக்கு "நம்மோடு வாழும் கூகை" என்று தலைப்பிட்டோம். கூகை என்பது வெள்ளை முகத்து ஆந்தை. பேச வரவிருந்த 'நிபுணர்' நூற்றெண்பது படங்கள் காட்டப் போவதாகவும், கூடம் கும்மிருட்டாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். எங்கள் கூடத்தின் மேற்குச் சுவரில், உயரத்தில், உள்பக்கம் கம்பிவலை போட்ட வெண்டிலேட்டர் ஒன்று உண்டு. மாலை வெயில் அதன் வழியே நேராகத் திரையில் விழும். ஆகவே வியாழக்கிழமை நானே வெளிப்புறம் ஏணி போட்டு ஏறினேன். வெண்டிலேட்டர் மாடத்தில் பழைய பஞ்சு போல ஏதோ குவிந்து கிடந்தது. ஒழுங்கை விரும்புகிறவன் நான். குச்சியால் அதை உள்ளே ஒதுக்கித் தள்ளினேன். ஏதோ சீறியது போலிருந்தது; காற்று என்று முடிவு செய்து, கனமான அட்டையை வைத்து ஆணி அடித்துவிட்டு இறங்கினேன்.

மறுநாள் காலை, கூடம் பெருக்கும் அம்மாள் விளக்குமாறும் கையுமாக என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"சார், அந்த அட்டையை எடுத்துடுங்க. உள்ள மூணு கூகைக் குஞ்சு இருக்கு. நேத்து இருட்டினதுலேர்ந்து தாய் எலியைக் கவ்விக்கிட்டு வந்து அட்டையில முட்டிட்டு முட்டிட்டுப் போகுது."

ஒரு பறவையைப் 'பார்த்தேன்' என்று வாயால் சொல்லிவிட்டால் போதாது என்பதை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். அதற்கென்று ஒரு படிவம் உண்டு. அதில் அறிவியல் பெயர், சிறகின் நீளம், உறுப்பினர் எண் மூன்றையும் நிரப்ப வேண்டும். அம்மாளுக்கு உறுப்பினர் எண் இல்லை. மூன்று சொற்பொழிவுகளை நாற்காலியில் அமர்ந்து கேட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவருக்கே உறுப்பினர் தகுதி. அவரோ தொண்ணூற்றொன்பதையும் விளக்கு ஸ்விட்ச் பக்கத்தில் நின்றபடியே கேட்டவர்.

"படிவமெல்லாம் அப்புறம் நிரப்பலாம் சார். அதுங்க பசியில செத்துடும்."

பாரபட்சம் பார்ப்பது எங்கள் வழக்கமல்ல. உடனே தலைவருக்குச் சொல்லி அனுப்பினேன். தலைவர் ஓய்வுபெற்ற பதிவாளர். அவரிடம் உள்ள தொலைநோக்கியால் மலை உச்சியில் இருக்கும் கழுகின் அலகைக்கூடப் பார்க்கலாம். அதை எடுத்துக்கொண்டு வந்து, கூடத்துக்குள் வெண்டிலேட்டருக்கு நேர் கீழே, எட்டடி தூரத்தில் நின்று, கால் மணி நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ஒரே மூட்டமா இருக்கு. பறவை எதுவும் இல்ல," என்றார்.

"அதை இறக்கிட்டு சும்மா கண்ணால பாருங்க சார்."

"வெறுங்கண்ணால பார்க்கிறதை மன்றம் ஏத்துக்கிறதில்லம்மா."

'கூகை: காணப்படவில்லை' என்று பதிவு செய்தோம். முன்னெச்சரிக்கையாக ஏணியைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன். அட்டையில் கை வைத்தால் வேலை போய்விடும் என்றும் அம்மாளிடம் சொன்னேன். படுத்த படுக்கையாக இருக்கும் கணவரை அந்தச் சம்பளத்தில்தான் அவர் பார்த்துக்கொள்கிறார். கூடத்தைப் பெருக்கப் போனார்.

சனிக்கிழமை மாலை கூடம் நிரம்பி வழிந்தது. இருட்டு அபாரம். கூகை மனிதருக்கு எவ்வளவு அருகில் வாழ்கிறது, அதை அடையாளம் காண்பது எவ்வளவு எளிது என்று நிபுணர் உருக்கமாக எடுத்துரைத்தார். ஆனால் படத்துக்குப் படம் எங்கிருந்தோ ஒரு குறட்டைச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் பொருளாளரைத் திரும்பிப் பார்த்தோம். தான் விழித்திருப்பதாக அவர் சத்தியம் செய்தார். அவர் குறட்டை இதைவிடக் கட்டையாக இருக்கும் என்று அவர் மனைவியும் சாட்சி சொன்னார். பொதுநலன் கருதி பொருளாளரை வெளியே அனுப்பினோம்.

"இப்ப கூகைக் குஞ்சு பசியில எப்படிக் கத்தும்னு கேளுங்க," என்று நிபுணர் ஒலிப்பதிவைப் போட்டார். அதுவும் அச்சு அசலாகக் குறட்டை போலவே இருந்தது. அந்த ஒற்றுமையைப் பாராட்டிக் கைதட்டினோம். சிறிது நேரத்தில் இடைஞ்சல் செய்த குறட்டை மெலிந்து, பிறகு நின்றேவிட்டது. நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

நூற்றுப் பன்னிரண்டாவது படத்தில் திடீரென்று வெயில் வந்து விழுந்தது. திரையில் இருந்த கூகை மறைந்தது. நாற்காலிகள் எடுப்பதற்காகச் சாமான் அறையைத் திறந்து வைத்திருந்தேன். அம்மாள் ஏணியை எடுத்துப்போய் வெளியே ஏறி அட்டையைப் பிய்த்துவிட்டிருந்தார். தூசி துடைக்கும் துணியில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். பஞ்சு போன்ற மூன்று குஞ்சுகள். இரண்டு அசையவில்லை. மூன்றாவது வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

உறுப்பினர்கள் நெருங்கிப் படம் எடுத்தார்கள். சிறகை அளக்காமல் இனத்தை உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார் நிபுணர். எனக்கு வெட்கமாக இருந்தது. அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லாததால் குறிக்கவில்லை.

"எல்லாரும் வெளிய போங்க. ஆள் இருந்தா தாய் வராது," என்றார் அம்மாள். உயிரோடு இருந்ததைத் திரும்ப மாடத்தில் கொண்டுபோய் வைத்தார். நாங்கள் வாசலில் குழுப்படம் எடுத்துக்கொண்டோம். பொழுது சாய்ந்ததும் தாய் எலியோடு வந்ததாம். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

திங்களன்று செயற்குழு கூடியது. இரு குஞ்சுகளுக்கும் மௌன அஞ்சலி செலுத்தினோம். சொற்பொழிவைக் குலைத்த குற்றத்துக்காக அம்மாளை வேலையிலிருந்து நீக்கினோம். அடுத்த மாதம் "கூகைகள் ஏன் அருகி வருகின்றன?" என்ற தலைப்பில் சொற்பொழிவு நடத்துவது என்று முடிவாயிற்று. பேசுவதற்கு விஷயம் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று தலைவர் கேட்டார். யாருக்கும் பெயர் தோன்றவில்லை.

சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போக வந்திருந்த அம்மாள் சொன்னார்: "செயலாளர் சாரே பேசட்டும். எப்படி அருகுதுன்னு அவரைவிட யாருக்குத் தெரியும்?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.